துப்புரவுக் குழுவுக்கு மூன்று நாள் பயிற்சி: கூடவே உட்கார்ந்து பார்த்த ஒரு சூப்பர்வைசரின் கருத்து

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தோற்றம், சுத்தம் செய்யும் முறை, நடத்தை என்று மூன்று நாள் பயிற்சி. இரண்டாம் நாளுக்காகவே என் குழுவை மறுபடி அனுப்புவேன். முதல் நாள் காலையில் நடந்த ஒன்றை இன்னொரு தடவை என் கண் முன்னால் நடக்க விடமாட்டேன். மூன்றாம் நாளில் பாதியை அப்படியே எடுத்துக்கொண்டோம், மீதியை நாங்களே மாற்றிக்கொண்டோம். நடத்தியவர்களின் பெயரை எழுதவில்லை. இந்த மாதிரிப் பயிற்சியைப் பலர் நடத்துகிறார்கள். யாரிடம் போனாலும் எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்று தெரிந்தால்தான் உங்களுக்கு உதவும்.

நான் ஆறு மாடி அலுவலகக் கட்டிடம் ஒன்றில் துப்புரவுப் பிரிவுக்கு சூப்பர்வைசர். பகல் ஷிஃப்டில் 14 பேர், இரவு ஷிஃப்டில் 9 பேர். அதற்கு முன் ஏழு வருஷம் நானே மாப் பிடித்திருக்கிறேன். இந்த வேலையில் உடம்பு எங்கே வலிக்கும், எந்தப் பேச்சு எங்கே தைக்கும் என்று எனக்குத் தெரியும்.

பயிற்சிக்குக் காரணம் ஒரு மின்னஞ்சல். "துப்புரவு ஆட்கள் பார்க்க ஒழுங்காக இல்லை, நடந்துகொள்ளும் விதமும் சரியில்லை" என்று யாரோ மேலிடத்துக்கு எழுதிவிட்டார்கள். எந்த மாடி, எந்த நேரம், என்ன ஒழுங்கில்லை என்ற விவரம் ஒன்றும் அதில் கிடையாது. படித்ததும் கோபம்தான் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் தேவை இருந்தது. முன்பெல்லாம் அலுவலகம் காலியான பிறகுதான் எங்கள் வேலை தொடங்கும். இரண்டு வருஷமாகப் பெரும்பகுதி வேலையைப் பகலுக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு அது நல்லதுதான், ராத்திரி வீட்டில் தூங்கலாம். ஆனால் யாரும் பார்க்காத நேரத்தில் பழகிய வேலையை எல்லோரும் பார்க்கிற நேரத்தில் எப்படிச் செய்வதென்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. மேஜைக்கு மேஜை ஆள் உட்கார்ந்திருக்கும்போது அவர் காலடியில் மாப் போடுவது வேறு கலை.

பகல் குழுவின் 14 பேரோடு மூன்று நாளும் நானும் உட்கார்ந்தேன். சூப்பர்வைசர்கள் ஆட்களை அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பதுதான் வழக்கம். அப்படிச் செய்யாதீர்கள். உள்ளே என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியாத சூப்பர்வைசர், மறுநாளே பழைய முறைப்படி வேலை வாங்கி எல்லாவற்றையும் அழித்துவிடுவார்.

முதல் நாள் தலைப்பு தோற்றம். பயிற்சியாளர் வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, எல்லோரையும் வரிசையாக நிற்கச் சொன்னார். நகத்தைக் காட்டு, ஷூவைக் காட்டு, திரும்பி நில், தலைமுடி பார்க்கணும். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அக்காவை முன்னால் கூப்பிட்டு, "இந்தக் காலரைப் பாருங்க, இப்படியா வருவ நீ?" என்று எல்லோருக்கும் காட்டினார். அந்தக் காலரில் இருந்தது அழுக்கில்லை. பிளீச் தெறித்து நிறம் வெளுத்துப்போன திட்டு. எத்தனை துவைத்தாலும் போகாது. எங்கள் வேலைதான் அந்தத் திட்டைப் போட்டது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்து திரும்பி வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று முழுக்க அவர் வாய் திறக்கவில்லை.

இடைவேளையில் பயிற்சியாளரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். "அப்பத்தான் மனசுல பதியும்" என்றார். பதிந்தது உண்மைதான், ஆனால் எது பதிந்தது? அன்று அவர் மரியாதை என்ற சொல்லை எத்தனை முறை சொன்னார் என்று எண்ணவில்லை. ஆனால் தன்னைவிட மூத்தவர்களிடம்கூட நீ, வா, போ என்றுதான் பேசினார். மரியாதையாக நடந்துகொள்வது எப்படி என்ற பாடத்தை 'நீ' போட்டு நடத்த முடியாது. எங்கள் ஆட்களுக்கு இந்த 'நீ' புதிதில்லை, தினமும் கேட்பதுதான். பயிற்சிக்கு வந்த இடத்திலும் அதுவா என்று முகங்கள் சுருங்கியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

அவர் சொன்ன விஷயங்கள் தப்பில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் காரணம் சொன்னார். நகம் நீண்டால் அடியில் அழுக்குத் தங்கும், கையுறையும் கிழியும். மோதிரமும் அப்படித்தான். தொங்கும் சங்கிலி மெஷினில் மாட்டும். மூடிய, வழுக்காத ஷூ ஏனென்றால் காலில் ரசாயனம் தெறிக்கும், ஈரத் தரையில் செருப்பு சறுக்கும். முடியை இறுக்கக் கட்டச் சொல்வது அழகுக்காக இல்லை, நெற்றியில் விழுகிற முடியை ஒதுக்கக் கையுறைக் கை முகத்துக்குப் போகக்கூடாது என்பதற்காக. சென்ட் வேண்டாம், மூடிய அறையில் சிலருக்குத் தலைவலி வரும். காரணம் தெரிந்ததும் "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார் ஒரு தம்பி. அவர் ஆறு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறார். அதுவரை அவருக்குக் கிடைத்ததெல்லாம் 'நகம் வெட்டு' என்ற உத்தரவுதான்.

அன்றைக்கு உருப்படியாக நடந்த இன்னொன்று ஒரு கேள்வி. "சார், யூனிஃபார்ம் ரெண்டு செட்தான் தந்திருக்காங்க. வாரத்துல ஆறு நாள் வேலை. மழை பிடிச்சா துவைச்சது காயாது. மூணாம் நாள் எதைப் போடுறது?" பயிற்சியாளரிடம் பதில் இல்லை, "அதை உங்க மேனேஜ்மென்ட்ல கேளுங்க" என்றார். நான் குறித்துக்கொண்டேன். தொடர்ந்து இன்னும் மூன்று விஷயங்கள் வந்தன. பெண்களுக்கு ஆண்கள் அளவு பேன்ட், அதைக் கீழே இரண்டு மடிப்பு மடித்துப் போட்டுக்கொண்டு படியில் தடுக்கிக்கொள்கிறார்கள். சட்டையில் பை இல்லை, சாவி, பேனா, போன் எல்லாம் கையில். உடை மாற்றும் அறையில் கண்ணாடி இல்லை.

கண்ணாடி இல்லை என்றதும் எனக்குச் சுரீரென்றது. ஆறு மாடியிலும் கழிவறைக்குக் கழிவறை ஆள் அகலக் கண்ணாடி. அத்தனையையும் தினமும் இரண்டு தடவை பளபளக்கத் துடைப்பது இவர்கள். தலை கலைந்திருக்கிறதா, காலர் மடங்கியிருக்கிறதா என்று வேலைக்கு இறங்கும் முன் பார்த்துக்கொள்ள அவர்களுடைய அறையில் ஒரு கையகலக் கண்ணாடிகூடக் கிடையாது. தோற்றம் சரியில்லை என்று மின்னஞ்சல் எழுதியவருக்கு அது தெரியாது. இத்தனை வருஷமாக அந்த அறைக்குள் போய்வருகிற எனக்கும் கண்ணில் படவில்லை.

இரண்டாம் நாள் வேறொரு பயிற்சியாளர். ஆஸ்பத்திரி வார்டுகளைப் பல வருஷம் சுத்தம் செய்துவிட்டுப் பயிற்சி தர வந்த அம்மா. வந்ததும் வரிசையும் இல்லை, சோதனையும் இல்லை. ஒவ்வொருவரையும் பார்த்து, "நீங்க எந்த மாடி? அங்க உங்களுக்கு ரொம்பக் கஷ்டம் குடுக்கிற இடம் எது?" என்று கேட்டு, பதிலைப் பலகையில் எழுதினார். யூரினல் அடியில் மஞ்சள் கறை. கண்ணாடிக் கதவில் கைரேகை. லிஃப்ட் கதவு ஓடும் பள்ளத்தில் மண். கம்ப்யூட்டர் இருக்கும் மேஜை. இப்படி 14 பதில். காலர் அக்கா கடைசி நாற்காலியிலிருந்து, "வாஷ்பேசின் குழாயைச் சுத்தி வெள்ளையாப் படியுது, எவ்வளவு தேய்ச்சாலும் போகல" என்றார். முந்தின நாள் முழுக்கக் கேட்காத குரல். அன்றைய பாடம் அந்த 14 இடங்களும்தான்.

குழாயைச் சுற்றிப் படிவது உப்பு. யூரினல் மஞ்சளும் உப்புப் படிவுதான், சிறுநீரின் உப்பும் தண்ணீரின் சுண்ணாம்பும் சேர்ந்து இறுகியது. அமிலம் கலந்த கிளீனர்தான் அதைக் கரைக்கும். பிளீச் நிறத்தை வெளுக்கும், படிவை அசைக்காது. அப்போது ஒரு அண்ணன் எழுந்து, "நான் முதல்ல பிளீச் ஊத்துவேன், போகலைன்னா அதுக்கு மேலயே ஆசிட் ஊத்துவேன். கண்ணு எரியும், இருமல் வரும். மருந்து வேலை செய்யுதுன்னு நெனச்சுக்குவேன்" என்றார். அறை அமைதியாகிவிட்டது. பயிற்சியாளர் குரலை உயர்த்தவில்லை. பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அம்மோனியா இருக்கும் கிளீனர் சேர்ந்தால் குளோரமின் வாயு வரும், மூடிய கழிவறைக்குள் இரண்டுமே நுரையீரலைப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு, "இத்தனை நாள் உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மாப் பிடித்த காலத்தில் நானும் அதே மாதிரி ஊற்றியிருக்கிறேன், அதே மாதிரி இருமியிருக்கிறேன். அந்த அண்ணனை ஆறு வருஷம் அந்தப் புகைக்குள் அனுப்பியது நான்தான் என்பது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

இந்த ஒரு மணி நேரத்துக்காகவே பயிற்சிக்குக் கொடுத்த பணம் தகும்.

பிறகு ரசாயனப் பாட்டில்களை மேஜையில் வைத்து லேபிள் படிக்கச் சொன்னார். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம்: சிவப்புக் கரையுள்ள சாய்சதுரம், நடுவில் கறுப்புப் படம். கையிலும் உலோகத்திலும் திரவம் சொட்டி அரிக்கிற படம் இருந்தால் தோலையும் கண்ணையும் அரிக்கும் பொருள். இந்தக் குறியீடுகள் உலக அளவில் ஒன்றுபோல இருக்க ஏற்பாடு செய்தவை, மொத்தம் ஒன்பது. பெயர் படிக்க முடியாத அக்காகூடப் படத்தை வைத்து எது ஆபத்து என்று பிரித்து வைத்துவிட்டார்.

கலக்கும் அளவு அடுத்தது. எங்கள் ஆட்கள் இதுவரை வாசனையை வைத்துத்தான் கலந்தார்கள், நெடி ஏறினால் போதும் என்று அர்த்தம். 5 சதவீத பிளீச்சை 0.1 சதவீதம் ஆக்க ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் என்று அளவு ஜாடியில் ஊற்றிக் காட்டினார். முதலில் தண்ணீர், அதில் மருந்து. மாற்றி ஊற்றினால் தெறிக்கும். கலந்ததை அன்றன்றைக்குத் தீர்த்துவிட வேண்டும், நாள்பட்டால் வீரியம் போய்விடும். குடிநீர் பாட்டிலில் எந்தக் காரணத்துக்காகவும் ஊற்றி வைக்கக்கூடாது.

ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1959-இல் போட்ட வட்டத்தைப் பலகையில் வரைந்தார். சுத்தம் செய்வதில் நான்கு பங்கு: ரசாயனம், உராய்வு, சூடு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றவை அந்தக் குறையை ஈடுகட்ட வேண்டும். "நீங்க ஸ்ப்ரே அடிச்ச உடனே தேய்க்கிறீங்க. அப்ப நேரத்தோட பங்கையும் உங்க தோள்பட்டையே செய்யுது" என்றார். லேபிளில் எத்தனை நிமிடம் போட்டிருக்கிறதோ அத்தனை நிமிடம் மருந்தை விட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடையுங்கள், திரும்பி வந்தால் லேசாகத் தேய்த்தாலே போதும். உப்புப் படிந்த குழாயில் செய்து காட்டினார். காலர் அக்கா எழுந்து போய் விரலால் தடவிப் பார்த்தார். "இத்தனை வருஷம் என் கையைத் தேய்ச்சுட்டேனே" என்றார்.

துணி மடிப்பதில் எல்லோரும் குழந்தைகளைப்போல ஆகிவிட்டார்கள். மைக்ரோஃபைபர் துணியைப் பாதியாகவும் மறுபடி பாதியாகவும் மடித்தால், மடிப்பை மாற்றி மாற்றித் துடைக்க எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒரு மேஜை, ஒரு பக்கம். எட்டும் முடிந்தால் துவைக்கும் பையில் போட வேண்டும். கசக்கிப் பிடித்துத் துடைத்தால் ஒரே பக்கத்து அழுக்கை ஊரெல்லாம் தடவுகிறோம். துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்கக்கூடாது, இழைகளின் இடுக்கு அடைத்துத் துணி அழுக்கைப் பிடிக்காது. கம்ப்யூட்டர் மேஜையில் ஸ்ப்ரேயைத் துணியில்தான் அடிக்க வேண்டும், மேஜையில் இல்லை.

நிறம் பிரிப்பதும் உண்டு: கழிப்பானுக்கும் யூரினலுக்கும் சிவப்பு, வாஷ்பேசினுக்கு மஞ்சள், அலுவலக மேஜைகளுக்கு நீலம், உணவு கையாளும் இடத்துக்குப் பச்சை. பல இடங்களில் புழங்குகிற முறை இது. இடத்துக்கு இடம் மாறலாம், ஒரே கட்டிடத்துக்குள் மாறக்கூடாது. இதையெல்லாம் ஆராயவும் கற்றுக்கொடுக்கவும் பிரிட்டனில் 1961-லேயே துப்புரவு அறிவியலுக்கென்று ஒரு கழகம் தொடங்கினார்கள் என்று அவர் சொன்னபோது, "நம்ம வேலைக்கா?" என்று ஒரு அக்கா கேட்டார். "ஆமாம்மா, உங்க வேலைக்குத்தான்" என்றார் பயிற்சியாளர். அந்த அக்கா பக்கத்தில் இருந்தவரிடம் அதை இரண்டு தடவை திருப்பிச் சொன்னார்.

தோற்றத்தைப் பற்றி முதல் நாள் முழுக்கப் பேசியும் நடக்காதது, தோற்றம் என்ற சொல்லே வராத இரண்டாம் நாளில் நடந்தது. கையுறை உதாரணம் சொன்னால் புரியும். கழிவறை முடித்த கையுறையோடு எங்கள் ஆட்கள் லிஃப்ட் பட்டனை அழுத்துவார்கள். அதே பட்டனை அலுவலகமே அழுத்தும். 'ஒழுங்காக இல்லை' என்று எழுதியவர் பார்த்தது இதுவாகக்கூட இருக்கலாம். ஒரு கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி உருவி மறு கையில் சுருட்டிப் பிடித்து, அதன்மேல் இரண்டாவதை உருவி, இரண்டையும் ஒரே உருண்டையாகக் குப்பையில் போட்டு, பிறகு கையை 40 முதல் 60 நொடி கழுவ வேண்டும். எல்லோரும் செய்து பழகினார்கள். மாப் கம்பு தாடைக்கும் மூக்குக்கும் நடுவில் வர வேண்டும், முதுகை நிமிர்த்திப் பின்னால் நடந்தபடி மாப்பை எட்டு வடிவில் இழுக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டபோது, குனிந்தே பழகிய ஆட்கள் நிமிர்ந்து நின்றார்கள். தன் வேலையில் அடுத்து என்ன, ஏன் என்று தெரிந்த ஆளின் நடையே வேறு. அன்று சாயங்காலம் வெளியே வரும்போது 14 பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள்.

மூன்றாம் நாள் நடத்தை. முதல் நாள் பயிற்சியாளரே வந்தார். கதவு தட்டுவது: மூன்று தட்டு, யார் என்று சொல்வது, காத்திருப்பது, கொஞ்சம் திறந்து மறுபடி கேட்பது. ஈரத் தரைப் பலகையை மாப் போடும் முன்பே இரு பக்கமும் வைப்பது, காய்ந்ததும் எடுப்பது. நாள் முழுக்க நிற்கிற பலகையை யாரும் மதிக்கமாட்டார்கள். மேஜையில் இருக்கும் காகிதத்தைப் படிக்காதே, அடுக்காதே. குப்பைத்தொட்டிக்குள் இல்லாதது குப்பை இல்லை. கீழே கிடந்த பொருளை அன்றே, இடமும் நேரமும் போட்டு, இரண்டு பேர் கையெழுத்தோடு நோட்டில் ஏற்றுவது. எங்கள் ஆட்கள் மேல் வீண் பழி விழாமல் இருக்க இந்த நோட்டுதான் காவல். காதில் இயர்போன் வேண்டாம், தீ அலாரம் அடித்தால் கேட்க வேண்டும். எல்லாம் நல்ல பாடம், காரணத்தோடு வந்தது.

ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். "நல்ல துப்புரவு ஆள்னா அங்க இருக்கிறதே தெரியக்கூடாது. ஆள் வந்தா சுவரோரம் ஒதுங்கி, தலையைக் குனிஞ்சு நின்னுக்கணும்." இதை என்னால் ஏற்க முடியவில்லை, அங்கேயே எழுந்து சொன்னேன். வழி விடுவது மரியாதை, எல்லோரும் எல்லோருக்கும் செய்வது. தலை குனிவது எதற்கு? ஈரத் தரையில் நடக்கப்போகிறவரைத் தடுத்து, "இந்தப் பக்கமா வாங்க" என்று சொல்ல வேண்டிய ஆள், தான் இருப்பதே தெரியாமல் நின்றால் விழுகிறவர் விழத்தான் செய்வார். அவர் ஒரு நிமிடம் யோசித்து, "சரி, தலை குனிய வேண்டாம், சிரிச்ச முகமா இருந்தா போதும்" என்றார். அந்த அளவுக்கு இறங்கி வந்ததற்கு நன்றி.

நடித்துப் பார்க்கிற பகுதியில் எங்கள் ஆட்களே அலுவலக அதிகாரியாகவும் துப்புரவுப் பணியாளராகவும் மாறி மாறி நடித்தார்கள். அதிகாரியாக நடித்தவர்கள் ஒருவர் தவறாமல் "ஏய், இங்க வா" என்றுதான் தொடங்கினார்கள். யாரும் சொல்லித்தரவில்லை. பயிற்சியாளர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை, அடுத்த நடிப்புக்குப் போய்விட்டார். நான் நின்று பேசியிருப்பேன். ஒருவர் திட்டினால், கை வைத்தால், அசிங்கமாகப் பேசினால் என்ன செய்வது என்பது பாடத்திட்டத்தில் இல்லவே இல்லை. கேட்டதற்கு, "பொறுமையாப் போங்க" என்றார். பெண்கள் அதிகம் இருக்கிற, தனித்தனி மாடியில் தனியாக வேலை செய்கிற குழுவுக்கு இது பதில் இல்லை. நாங்களே ஒரு விதி எழுதிக்கொண்டோம்: டிராலியை அங்கேயே விட்டுவிட்டு நேராக என்னிடம் வர வேண்டும், தரை ஏன் பாதியில் நிற்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள், நான் எழுத்தில் புகார் கொடுப்பேன். இதற்கு மேலிடத்தின் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறேன்.

கையேடு பற்றியும் ஒரு வார்த்தை. நாற்பது பக்கம், முழுக்க எழுத்து. என் குழுவில் மூன்று பேருக்குப் படிக்க வராது, ஐந்தாறு பேர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். இரண்டாம் நாள் அம்மா படத்தை வைத்து எவ்வளவு சொல்லித்தர முடியும் என்று காட்டிய பிறகு இந்தக் கையேடு வருத்தம்தான் தந்தது. நிறத் துணி, கையுறை கழற்றுவது, எதோடு எதைச் சேர்க்கக்கூடாது, இந்த மூன்றுக்கும் நாங்களே படம் வரைந்து சாமான் அறையில் ஒட்டியிருக்கிறோம். சான்றிதழில் மூன்று பேர் பெயரில் எழுத்துப் பிழை, சொன்னதும் திருத்தித் தந்தார்கள்.

பயிற்சி முடிந்து எட்டு வாரம் ஆகிறது. நிறத் துணி நிலைத்துவிட்டது, யாராவது மாற்றி எடுத்தால் பக்கத்தில் இருப்பவரே சொல்லிவிடுகிறார். கையுறையோடு லிஃப்ட் பட்டன் அழுத்துவது நின்றுவிட்டது. மருந்தை விட்டுக் காத்திருப்பது நிலைத்தது, தோள் வலி என்று சாயங்காலம் சொல்கிறவர்கள் குறைந்திருக்கிறார்கள். ஆசிட்டையும் பிளீச்சையும் வெவ்வேறு அலமாரியில் வைத்துவிட்டோம், அண்ணன் இருமுவதில்லை. மனப்பாடம் செய்யவைத்த வணக்க வாசகம் பத்து நாள்கூடத் தாங்கவில்லை. அவரவர் தன் பேச்சிலேயே "வணக்கம் சார்", "ஒரு நிமிஷம் மேடம், தரை ஈரம்" என்கிறார்கள், அதுவே நன்றாக இருக்கிறது.

அலுவலகத்து ஆட்களுக்கு நான் ஒரு பக்க அறிவிப்பு எழுதி ஒவ்வொரு மாடியிலும் ஒட்டினேன். ஈரத் தரைப் பலகை என்றால் என்ன, எந்த நேரத்தில் எந்தக் கழிவறை மூடியிருக்கும், அந்த மாடியில் வேலை செய்கிறவரின் பெயர் என்ன, அவரை 'நீங்க' என்று கூப்பிடுங்கள். இந்தப் பயிற்சியில் பெரிய குறை என்று கேட்டால் இதுதான்: எதிரில் நிற்கிறவர்களுக்கு அதில் ஒரு மணி நேரம்கூட இல்லை. நான்காவது மாடியில் மாறியிருக்கிறது. இரண்டாவதில் இன்னும் இல்லை.

உங்கள் குழுவை அனுப்ப நினைத்தால், சேரும் முன் சிலவற்றைக் கேளுங்கள். நடத்துகிறவர் இந்த வேலையைக் கையால் செய்தவரா? ரசாயனப் பாடம் எத்தனை மணி நேரம், உங்கள் கட்டிடத்தில் இருக்கும் பாட்டில்களை வைத்தே நடத்துவார்களா? படிக்க வராதவர்களுக்கு என்ன செய்வார்கள்? அவமானப்படுத்தினால், சீண்டினால் என்ன செய்வது என்பது பாடத்தில் உண்டா? ஒரு மாதம் கழித்து வந்து பார்ப்பார்களா? கடைசிக் கேள்விக்கு எங்களுக்கு 'இல்லை' என்று பதில் வந்தது, அப்படியும் சேர்ந்தோம். அடுத்த முறை அப்படிச் சேரமாட்டேன்.

அடுத்த மாதம் இரவு ஷிஃப்டின் ஒன்பது பேர் போகிறார்கள். தோற்றப் பாடத்தையும் இரண்டாம் நாள் அம்மாவே நடத்த வேண்டும், வரிசைச் சோதனை கூடாது என்று எழுத்தில் கேட்டு, சரி என்று பதிலும் வாங்கிவிட்டேன். யூனிஃபார்ம் மூன்றாவது செட் வந்துவிட்டது, பெண்களுக்கு அவர்கள் அளவில், பையோடு. உடை மாற்றும் அறையின் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறோம். காலையில் வேலைக்கு இறங்கும் முன் எல்லோரும் அதன் முன் ஒரு நிமிடம் நிற்கிறார்கள். காலர் அக்கா உயரம் கம்மி, அவர் நின்றால் கழுத்துக்கு மேல்தான் தெரிகிறது. இறக்கி மாட்டச் சொல்லியிருக்கிறேன், இந்த வாரம் ஆள் வருவார்.